நாஸ்திகன் சொல்லை நம்பலாகாதோ?

ஈச்வரனை ஒப்பாதவனிடத்தில் தர்மம் தங்காது, அவன் வாக்கை நம்பி ஒரு காசும் கொடுக்கலாகாது என்னும் வார்த்தை அண்மைக்காலத்து உபந்யாஸங்களில் அடிக்கடி செவியில் விழுகிறது. கேட்பவர் தலையசைக்கின்றனர், சொல்பவரும் இதற்கு ப்ரமாணம் காட்டவேண்டுமென்று கருதுவதில்லை. இது நம் பூர்வாசார்யர்களின் திருவுள்ளம் என்றே பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணத்திற்கு ஆதாரமில்லை என்பதும், அது நம் ஸித்தாந்தத்தின் வேரையே அசைக்கக்கூடியது என்பதும் இக்கட்டுரையின் பக்ஷம். நாஸ்திகத்தை ஸமர்த்திக்க அடியேன் முற்படவில்லை. திண்ணையில் தகப்பனாரிடம் கற்றதற்கு மாறானதொன்று நம் ஸம்ப்ரதாயத்தின் பெயராலேயே சொல்லப்படும்போது வாளாவிருக்க முடியவில்லை, அவ்வளவே.

இந்த ஐயப்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நல்லொழுக்கத்திற்குக் கடவுள் நம்பிக்கை இன்றியமையாததா என்று அமெரிக்காவின் ப்யூ ஆய்வு நிறுவனம் 34 நாடுகளில் கேட்டு, கிடைத்த விடைகளை 2020-இல் வெளியிட்டது. ஆம் என்றவர் இந்தியாவில் நூற்றுக்கு 79 பேர். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 96 பேர். ஸ்வீடனில் 9 பேர். 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு 13 நாடுகளில் நடந்தது. கொலைபாதகன் ஒருவனைப் பற்றிச் சொல்லி, அவன் எத்தகையவனாயிருப்பான் என்று ஊகிக்கச் செய்தனர். அவன் ஆஸ்திகனாயிருப்பான் என்பதைவிட நாஸ்திகனாயிருப்பான் என்ற ஊகமே ஏறத்தாழ இரு மடங்கு வலுத்திருந்தது. வேடிக்கை யாதெனில், கேட்கப்பட்டவர்களுள் நாஸ்திகராயிருந்தவர்களும் அவ்வாறே ஊகித்தனர். நம் நாட்டின் 79-ஐக் கண்டு அகமகிழ்வார் உளர். ஆயிரம் கண் கூடினாலும் ஓசையைக் காண இயலாது, எண்ணிக்கை ப்ரமாணமாகாது. அவ்வெண்ணிக்கை, ஜனங்கள் எதை நினைக்கிறார்கள் என்பதைச் சொல்லும். தர்மம் எதில் நிற்கிறது என்பதைச் சொல்லாது.

இந்த ஐயப்பாட்டைச் சட்டமாக்கி நடத்திப் பார்த்த தேசம் இங்கிலாந்து. மதங்களுக்குள் பொறுமை வேண்டும் என்று 1689-இல் வெளியான தம் நிருபத்தில் வாதிட்ட ஜான் லாக் என்னும் தத்துவவாதியே, நாஸ்திகருக்கு மட்டும் அப்பொறுமையை மறுத்தார். வாக்குறுதி, உடன்படிக்கை, ஸத்யப்ரமாணம் ஆகிய கட்டுகளால் ஸமூகம் பிணைந்து நிற்கிறது. கடவுளை நீக்கியவனை அக்கட்டுகள் பிணிக்கமாட்டா என்பது அவர் சொன்ன காரணம். ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து இவ்வாதம் சார்லஸ் ப்ராட்லா என்பவரிடத்தில் பரீக்ஷைக்கு வந்தது. வெளிப்படையான நாஸ்திகராகிய அவர் 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுள்மேல் ஆணையிடாமல், உறுதிமொழி மட்டும் கூறி அமர அனுமதி கேட்டார், மறுத்தனர். அப்படியாயின் ஆணையே இடுகிறேன் என்றார். நாஸ்திகன் இடும் ஆணை ஆணையாகாது என்று அதையும் மறுத்தனர். ஓரிரவு பாராளுமன்றத்தின் மணிக்கூண்டில் காவலில் வைக்கப்பட்டார். அவருடைய ஆஸனம் காலியானதாக அறிவிக்கப்பட்டதும் தொகுதி ஜனங்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தனர். இப்படிப் பலமுறை நடந்தது. 1886-இல்தான் அவர் அமர முடிந்தது. 1888-இல், ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்னும் சட்டம் அவர் முயற்சியாலேயே நிறைவேறிற்று.

இந்த வழக்கில் ஊன்றிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. ப்ராட்லா தம் கொள்கையை மறைத்துக்கொண்டு, எல்லாரையும்போல் முதல் நாளே புத்தகத்தைத் தொட்டு ஆணையிட்டிருந்தால் ஒருவரும் தடுத்திருக்கமாட்டார். அவர் தடுக்கப்பட்டது பொய் சொன்னதற்காக அன்று, பொய் சொல்ல மறுத்ததற்காக. இக்குறையை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார்: பொய்யனை விலக்கவென்று வைத்த வாயில், பொய் சொல்லத் துணிந்த நாஸ்திகனை உள்ளே விட்டு, மெய் சொல்பவனை மட்டுமே வெளியே நிறுத்துகிறது. நாஸ்திகனை நம்பலாகாது என்போர் இதற்கு விடை சொல்லியாகவேண்டும். ஒருவன் நாஸ்திகன் என்று நமக்கு எப்படித் தெரியவந்தது? அவனே சொன்னதனால். அச்சொல்லை மட்டும் முழுதும் நம்பி, அதனாலேயே அவனுடைய மற்றச் சொற்களை நம்பாதொழிவது எந்த ந்யாயத்தில் சேரும்?

ப்ராட்லா நம் தேசத்தின் குறைகளை அங்கே எடுத்துரைத்தமையால் இந்தியாவின் அங்கத்தினர் என்றே அழைக்கப்பட்டவர். 1889-இல் பம்பாய்க் காங்கிரஸுக்கும் வந்திருந்தார். 1891-இல் அவர் காலமானபோது, வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து லண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த காந்தியடிகள் அவருடைய இறுதிச் சடங்குக்குச் சென்றிருந்தார்; தம் ஸுயசரிதையில் அதனை எழுதியிருக்கிறார். இன்று நம் அரசியல் ஸாஸனத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆண்டவன் பெயரால் ஆணையிடும் வாசகமும் உளமார உறுதி கூறும் வாசகமும் அருகருகே உள்ளன. சட்டம் இவ்விஷயத்தைத் தீர்த்துவிட்டது. நம் மனம் தீர்க்கவில்லை.

இனி நம் க்ரந்தங்களுக்கு வருவோம். நாஸ்திகன் என்ற சொல்லுக்கு அயோக்யன் என்ற பொருள் எந்தச் சாஸ்த்ரத்திலும் இலக்கணமாகக் கூறப்படவில்லை. பாணினி ஸூத்ரத்திற்குக் காசிகை சொல்லும் பொருள், பரலோகம் இல்லை என்னும் மதியுடையவன் என்பது. மநு ஸ்ம்ருதி வேதத்தை நிந்திப்பவனை நாஸ்திகன் என்கிறது. இவ்விரண்டிலும் ஈச்வரனை ஒப்பாமை என்பது நேரே வரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வந்திருந்தால் பூர்வமீமாம்ஸகரின் நிலை என்னாவது? குமாரில பட்டர் தம் ச்லோகவார்த்திகத்தில் ஜகத்தைப் படைத்தவன் ஒருவன் உண்டென்னும் வாதத்தைக் கடுமையாக மறுக்கிறார். கர்மமே பலன் தரும், அபூர்வம் என்னும் சக்தி அதற்கு வாயில், ஈச்வரன் இடையில் வேண்டா என்பது அவர்கள் கொள்கை. ஆயினும் அநுஷ்டானத்தில் அவர்களை விஞ்சியவர் யார்? அக்னிஹோத்ரத்தில் ஒரு நாழிகை பிசகினாலும் ப்ராயச்சித்தம் தேடிய அவர்களைப் பார்த்து, இவர்கள் வாக்கை நம்பலாகாது என்று நம் முன்னோர் ஒருவரும் சொன்னதில்லை. ஸ்வாமி தேசிகன் ஸேச்வரமீமாம்ஸை என்று தனி நூலே இயற்றி, அச்சாஸ்த்ரத்திற்கு ஈச்வரனை அங்கீகரிப்பதே உசிதம் என்று நிலைநாட்டினார். அப்படியொரு நூல் வேண்டியிருந்தது என்பதே மற்றவர் அதனை நிரீச்வரமாகப் படித்துவந்தனர் என்பதற்குச் சான்று. தேசிகன் எதிர்த்தது அவர்களுடைய தத்த்வ நிச்சயத்தை. நடத்தையைப் பற்றி அங்கே பேச்சேயில்லை.

இதைவிட முக்யமானது ஸ்ரீபாஷ்யத்தில் சாஸ்த்ரயோநித்வாதிகரணம். குடத்தைக் கண்டு குயவனை ஊகிப்பதுபோல் உலகைக் கண்டு ஈச்வரனை ஊகித்துவிடலாம் என்னும் தார்க்கிகரை அங்கே எம்பெருமானார் ஒவ்வொரு படியாகத் தடுக்கிறார். உலகம் முழுதும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டது என்பதற்கு அநுமானத்தில் இடமேது? குயவனைப் போலவே உடலுடையவன், அளவுபட்ட சக்தியுடையவன் என்றல்லவா அந்த அநுமானம் கொண்டுபோய் நிறுத்தும்? ஆகையால் சாஸ்த்ரம் ஒன்றே ஈச்வரனுக்கு ப்ரமாணம், யுக்தியால் அவனை ஸாதிக்கவொண்ணாது என்று முடிக்கிறார். இதன் விளைவை நாம் முழுதும் எண்ணிப் பார்ப்பதில்லை. யுக்தி ஒன்றையே கொண்டு தேடி, ஈச்வரன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை என்று ஒருவன் சொன்னால், அவன் யுக்தியில் குற்றம் செய்யவில்லை என்றே பாஷ்யகாரர் ஒப்பவேண்டும். அவனுக்குக் குறைவு ஒரு ப்ரமாணம், சாஸ்த்ரமாகிற கண். அது பெருங்குறையே, மறுக்கவில்லை. ஆனால் கண் மங்கியவனைக் கை நீண்டவன் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை.

சாஸ்த்ரமில்லாமல் தர்மாதர்மங்களை அறிவதெப்படி என்று இங்கே கேட்பர். யாகம், ச்ராத்தம், தீக்ஷை முதலிய விசேஷ தர்மங்களைச் சாஸ்த்ரமில்லாமல் அறியவே முடியாது. அஹிம்ஸை, ஸத்யம், களவாமை முதலியவற்றை எல்லா வர்ணத்தாருக்கும் பொதுவென்று மநுவே வைத்தார். நம்மில் பலருக்கு ஸூத்ரகாரராகிய ஆபஸ்தம்பர் தம் தர்ம ஸூத்ரத்தை முடிக்குமிடத்தில், எஞ்சிய தர்மங்களை ஸ்த்ரீகளிடமிருந்தும் எல்லா வர்ணத்தாரிடமிருந்தும் அறிந்துகொள்ளலாம் என்று சிலர் கூறும் மதத்தை எடுத்து வைக்கிறார். வேதாத்யயனம் இல்லாதவரிடத்திலும் தர்மம் இருக்கிறது, அதனை அவரிடம் கற்கலாம் என்பதே இதன் தேர்ந்த பொருள். நூலின் கடைசியில் இதனை வைத்த மஹரிஷியின் துணிவு வியக்கத்தக்கது.

கீதையின் 16-ஆம் அத்யாயம் என் பக்ஷத்திற்கு மிகக் கடினமான இடம். உலகம் ஈச்வரனற்றது என்பாரை ஆஸுரர் என்று சொல்லி, அந்தத் த்ருஷ்டியைப் பற்றிக்கொண்டு கொடுஞ்செயல் புரிகிறார்கள் என்று பகவானே அருளிச்செய்கிறான். இதைவிட நேரான ப்ரமாணம் வேண்டுமோ என்று கேட்கலாம். க்ரமத்தைப் பார்க்கவேண்டும். அவர்களிடத்தில் சௌசமும் ஆசாரமும் ஸத்யமும் இல்லை என்பது 7-ஆம் ச்லோகத்தில். ஈச்வரனற்றது என்னும் கொள்கை அதற்கடுத்து 8-ஆம் ச்லோகத்தில். நடத்தை முதலில் கெட்டது. கெட்ட நடத்தைக்கு ஏற்றதொரு கொள்கை பின்னர் தேடப்பட்டது. தன் லோபத்திற்குத் துணையாக நாஸ்திகத்தைப் பிடித்துக்கொண்டவனையே அந்த அத்யாயம் பேசுகிறது. இது அடியேனின் கற்பனையன்று என்பதற்கு அதே அத்யாயத்தில் 17-ஆம் ச்லோகம் ஸாக்ஷி. பெயருக்கு யாகம் செய்பவர்கள், டம்பத்திற்காக விதி தவறி யஜிப்பவர்கள் அங்கே ஆஸுரர் கூட்டத்திலேயே எண்ணப்படுகிறார்கள். ஆஸுரத்திற்கு வைதிக வேஷமும் பொருந்தும் என்று கீதை சொல்கிறது. நாம் அந்த ச்லோகத்தை மெல்லக் கடந்துவிடுகிறோம். நரகத்திற்கு வாயில்களாக 21-ஆம் ச்லோகம் கூறுபவை மூன்று: காமம், க்ரோதம், லோபம். அவிச்வாஸம் நான்காவதாகச் சேர்க்கப்படவில்லை. ஆஸ்திக்யம் என்ற குணம் 18-ஆம் அத்யாயத்தில் ப்ராஹ்மணனுக்கு இயல்பான கர்மங்களின் வரிசையில் வருகிறது. வேதப்பொருள் அனைத்தும் மெய் என்னும் அசையாத நிச்சயம் என்று பாஷ்யகாரர் அதற்குப் பொருள் அருளினார். 16-ஆம் அத்யாயத்தின் தைவீ ஸம்பத்தில் யஜ்ஞமும் ஸ்வாத்யாயமும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். அந்த ஸம்பத்து முழுதும் நாஸ்திகனுக்கு உண்டென்று யாரும் சொல்லவில்லை. ஸத்யமும் தயையும் அவனிடத்தில் இருக்கவே முடியாது என்பதற்கு அங்கே வசனமில்லை என்பதே நாம் சொல்வது.

ஆழ்வார்களிடத்தில் கடுஞ்சொல் இல்லையோ என்பர். உண்டு. திருமாலையின் 8-ஆம் பாசுரத்தை நினையாதவர் இல்லை. அது எம்பெருமானைப் பற்றிய நிந்தையைச் செவியால் கேட்கப் பொறாத ப்ரேமத்தின் சினம். தாயைப் பழித்தவனிடம் மகன் கொள்ளும் கோபத்தை வைத்துக்கொண்டு, பழித்தவன் கடன் வாங்கினால் திருப்பித் தருவானா என்று நிர்ணயிப்பாருண்டோ? வாதமாக எடுத்துக்கொண்ட இடத்தில் ஆழ்வார் நடையே வேறு. திருவாய்மொழியின் முதல் பதிகத்து 9-ஆம் பாசுரத்தில் சூன்யவாதியை நம்மாழ்வார் எதிர்கொள்கிறார். உளன் என்றாலும் இலன் என்றாலும் அவ்விரண்டு சொற்களும் அவனுடைய இருப்பின் இரு வகைகளையே சொல்லி நிற்கும் என்று, இல்லை என்பவன் சொல்லையே வாங்கி அதற்குள் எம்பெருமானைக் காட்டுகிறார். அவன் கொள்கை மறுக்கப்படுகிறது; அவன் குலமோ நடத்தையோ இழுக்கப்படவில்லை. ஈட்டை வைத்துக் காலக்ஷேபம் செய்வோர் இந்த நாகரிகத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டாமோ?

அந்தர்யாமித்வத்தையும் இங்கே நினைக்கவேண்டும். தன்னை ஒப்பியவன் ஹ்ருதயத்தில் மட்டும் எம்பெருமான் எழுந்தருளியிருக்கிறான் என்று நாம் சொல்வதில்லை. ஒப்பாதவனும் அவனுக்குச் சரீரமே. அப்படியிருக்க, ஒப்பாதவன் ஒருவன் வழியில் கண்ட பணப்பையை உரியவனிடம் சேர்த்தால், அந்த நல்லெண்ணம் எங்கிருந்து வந்தது? நம் ஸித்தாந்தப்படி அதுவும் உள்ளிருப்பவன் அநுமதியோடு வந்ததே. நாஸ்திகனிடத்தில் நன்மையே இராது என்பவர், எம்பெருமானுடைய வ்யாப்திக்கு ஒரு வரம்பு கட்டுகிறார் என்பதை உணரவில்லை.

அடியேன் குடும்பம் பல தலைமுறைகளாகக் கோயில் கைங்கர்யத்தில் உள்ளது. ஸுமார் 40 ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஸந்நிதியில் திருவாபரணங்களைச் சரிபார்க்க ஓர் அலுவலர் வந்தார். தீர்த்தமும் சடாரியும் வேண்டாம் என்று முதலிலேயே பணிவாகச் சொல்லிவிட்டார். பலருக்கு முகம் சுருங்கிற்று. மூன்று நாட்கள் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு தாயாரின் ஒவ்வோர் ஆபரணத்திலும் கெம்புக் கற்களை எண்ணினார், எடை பார்த்தார், மத்யாஹ்னத்தில் தாம் கொண்டுவந்த கட்டுச்சோற்றை வெளியே வேப்பமரத்தடியில் உண்டார். ஒரு பதக்கத்தில் கற்கள் மாற்றப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவரே. மாற்றியவர் பன்னிரண்டு திருநாமமும் தரித்து நித்யம் ஸேவாகாலத்தில் நிற்பவர். ஒரு த்ருஷ்டாந்தத்தைக் கொண்டு பொதுவிதி செய்யலாகாது என்பது தெரியும். நாஸ்திகரெல்லாம் நல்லவர் என்றும் இதனால் ஆகாது. எனினும், ஈச்வரன் பார்க்கிறான் என்ற நினைவே களவைத் தடுக்கும் என்றால், அவன் திருமுன்பே நடந்த களவு நடந்திருக்கலாகாது.

தர்மத்திற்கு ஈச்வர பயமே வேர் என்னும் கொள்கையில் நம் ஸம்ப்ரதாயத்துக்கு வேறொரு நெருடலும் உண்டு. தண்டனைக்கு அஞ்சித் திருடாதவனும் ஸ்வர்க்கத்தை விரும்பிக் கொடுப்பவனும் கூலிக்குச் செய்பவர்கள். கைங்கர்யத்தில் ப்ரயோஜனாந்தரம் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டு நிலைநாட்டிய ஆசார்யர்களின் வழியில் வந்த நாம், பயத்தையும் லாபத்தையும் தர்மத்தின் அஸ்திவாரமாக மேடையில் வைப்பது எப்படிப் பொருந்தும்? எம்பெருமானுக்கே தீங்கு வருமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடிய பெரியாழ்வாரின் அச்சம் வேறு. ஊர்க்காவலனைக் கண்டு ஒதுங்குபவனின் அச்சம் வேறு. வைஷ்ணவத்வம் தனக்கு உண்டா இல்லையா என்பதைப் பிறர் துன்பம் கண்டபோது தன் நெஞ்சு படும் பாட்டைக் கொண்டு தானே அறியலாம் என்பது நஞ்சீயர் அருளிச்செய்ததாகப் பெரியோர் சொல்லிவரும் வார்த்தை. அவர் வைத்த உரைகல் இரக்கம்.

ஆனால் பகவத் ஜ்ஞானம் எதற்கு என்று கேட்டால், நல்லவனாவதற்கு மட்டும் என்று சொல்லி அதனைச் சிறுமைப்படுத்த மாட்டோம். சேஷத்வம் ஆத்மாவின் ஸ்வரூபம். அதனை அறியாதவன் எவ்வளவு நல்லவனாயினும் தன்னை அறியாதவனே, பெருஞ்செல்வத்தை இழந்தவனே. அவ்விழவுக்கு இரங்கவேண்டும். இரக்கமும் ஐயப்பாடும் ஒருங்கே ஒருவனிடத்தில் செல்லமாட்டா.

கடைசியாக ஸ்ரீராமாயணம். அயோத்யா காண்டம் 108-ஆம் ஸர்க்கத்தில் ஜாபாலி பேசுகிறார்: ஒருவனுக்கு ஒருவன் உறவில்லை, இறந்தவன் உண்பதில்லை, ச்ராத்தம் அன்னத்தை வீணாக்குவது, தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காக ராஜ்யத்தை விடுவது பேதைமை. லாக் அஞ்சியது எதுவோ அதுவே ஜாபாலி வாயிலாக முன்னரே வந்துவிட்டது: பரலோகமில்லையேல் வாக்குறுதி கட்டாது. பெருமாள் சினம் கொள்கிறார். இப்படிப்பட்டவரைத் தந்தையார் சேர்த்து வைத்துக்கொண்டதையும் குறை கூறுகிறார். ஆனால் அவர் அளித்த விடையில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஸத்யம் வேதத்தைப் பற்றி நிற்கிறது என்று அவர் சொல்லவில்லை. தானமும் யாகமும் தவமும் வேதங்களுமே ஸத்யத்தைப் பற்றி நிற்கின்றன என்கிறார். ஸ்வர்க்கம் முதலியவற்றையும் அவர் எடுத்துரைக்கிறார். எனினும் அடிப்படையாக வைத்தது ஸத்யத்தை. எது எதன்மேல் நிற்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை அடியேனுக்குத் தெரிந்து வேறில்லை.

ஜாபாலி உண்மையில் நாஸ்திகர் அல்லர், பெருமாளை மீட்டுக்கொண்டுபோகும் ஆசையால் அவ்வாறு பேசினார் என்று 110-ஆம் ஸர்க்கத்தில் வஸிஷ்டர் ஸமாதானம் கூறுகிறார். ஒருவன் வாயில் வந்த வாதத்தைக் கொண்டு அவனை முழுதும் எடைபோடலாகாது என்பதை இங்கே குலகுருவே காட்டுகிறார். பாராயணம் செய்வோர் இந்த ஸர்க்கங்களை ஒரு கசப்போடு விரைந்து கடப்பர். ஜாபாலி அத்துடன் மறைந்துபோனார் என்றும் எண்ணுவர். 113-ஆம் ஸர்க்கத்தில் பாதுகைகளோடு திரும்பும் பரதனுக்கு முன்னே வஸிஷ்டரும் வாமதேவரும் ஜாபாலியும் நடக்கின்றனர். அங்கே வால்மீகி பகவான் ஜாபாலிக்குச் சூட்டிய விசேஷணம் த்ருடவ்ரதர், உறுதி குலையாத விரதமுடையவர் என்பது. யுத்த காண்டத்தின் முடிவில், நாம் பூக்களும் பழங்களும் ஸமர்ப்பித்து வாசிக்கும் பட்டாபிஷேக ஸர்க்கத்தில், பெருமாள் திருமுடியில் தீர்த்தம் சேர்த்த எண்மரின் பெயர்கள் வருகின்றன. வஸிஷ்டர், வாமதேவர்; மூன்றாவது பெயர் ஜாபாலி.